இன்பசேகரன் வீட்டு டி.என்.ஏ.

இன்பசேகரன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். மனைவி கெசியா, டீச்சர். 2003இல் அவர்களுக்கு முதல் பையன் பிறந்தான். பிரசவத்துக்குத் தாய்வீடான அரக்கோணத்துக்குக் கெசியா போகவில்லை. இன்பசேகரனின் அக்கா கிரேஸி, "என் தம்பி புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று நாட்றம்பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். குளிப்பாட்டினாள், தூங்க வைத்தாள், தூக்கும்போதெல்லாம் முத்தமிட்டாள்.

இரண்டாவது வாரம் குழந்தை பால் குடிக்க மறுத்தது. உடம்பு கொதித்தது. பிறகு இடது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. கார் பிடித்து வேலூருக்கு ஓடினார்கள்.

"மூளைக்காய்ச்சல் மாதிரி தெரியுது" என்றார் டாக்டரம்மா. "மருந்த இப்பவே ஆரம்பிச்சிடறோம். முதுகுல தண்ணி எடுத்து டி.என்.ஏ. டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

டி.என்.ஏ. என்றால் இன்பசேகரனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பேப்பரில் கோர்ட் செய்தியில் வரும். அப்பன் யார் என்று கண்டுபிடிப்பார்கள்.

"இன்னா டாக்டர் இது? புள்ள உசுருக்குப் போராடுது. யார் புள்ளன்னு நான் கேட்டனா?"

கதவோரம் ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்த கிரேஸி இதைக் கேட்டாள். மீதியைக் கேட்க நிற்கவில்லை. நேராக டெலிபோன் பூத்துக்குப் போனாள்.

உள்ளே டாக்டரம்மா பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். "உங்க டி.என்.ஏ. இல்லீங்க, கிருமியோடது. துளியூண்டு இருந்தாக்கூட இந்த டெஸ்ட்டு அதப் பெருக்கிக் காட்டிடும். ஹெர்ப்பிஸ்னு சந்தேகப்படறோம்."

மறுநாளே கெசியாவின் அண்ணன் ஜோஸ் அரக்கோணத்திலிருந்து வந்து வார்டு வாசலில் மறித்தான். "என் தங்கச்சி மேல சந்தேகம்னா என்னாண்ட சொல்லணும் மாப்ள. டெஸ்ட்டு வரைக்கும் போய்ட்டீங்களே!"

"அது கிருமிக்கு எடுக்கற டி.என்.ஏ., மச்சான்."

"கிருமிக்கு எதுக்கு டி.என்.ஏ.? யாராண்ட கதை வுடறீங்க?"

ரிசல்ட் வந்தது. பாசிட்டிவ். ஹெர்ப்பிஸ்தான். கெசியாவுக்கு அந்தக் கிருமி இல்லை என்று தெரிந்ததும் டாக்டரம்மா கேட்டார்: "உதட்டுல கொப்புளம் வந்தவங்க யாராவது குழந்தைக்கு முத்தம் குடுத்தாங்களா?"

கெசியா கணவனைப் பார்த்தாள். உடம்புச் சூடு என்று கிரேஸி உதட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டு திரிந்ததை இருவருமே பார்த்திருந்தார்கள்.

இன்பசேகரன் வீட்டுக்கு போன் செய்தான். "அக்கா, ரிசல்ட் பாசிட்டிவ்."

"ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள் கிரேஸி. "எனக்கு அப்பவே தெரியும்டா. மூக்கு அச்சு அசல் உன்னுதுதான்!"

அவன் பேச வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டாள், நாலு பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கம்பெனியில் சிநேகிதன் சர்தார் பாஷா செக்‌ஷன் முழுக்க மக்கன் பேடா இனிப்பு கொடுத்தான்.

மூன்று வாரம் ஊசி மருந்து ஏறியது. இழுப்பு நின்றது. குழந்தை மறுபடியும் பால் குடித்தபோது கெசியா முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

வீடு திரும்பும் வழியில் இன்பசேகரன் சொன்னான்: "உண்மைய எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"இன்னான்னு சொல்வீங்க? ஹெர்ப்பிஸ்னா? பேர் போடாம வாரப் பத்திரிகைக்கு எழுதிக் கேக்கற சீக்கு அது. எனக்கு எங்கேர்ந்து வந்துச்சின்னு ஊரே கேக்கும். உங்க அக்கா முத்தத்தால வந்துச்சின்னா, அவங்க உசுர வுட்ருவாங்க."

"அப்போ?"

"நீங்க என்னைச் சந்தேகப்பட்டதாவே இருக்கட்டும்."

ஒருநாளும் அவளைச் சந்தேகப்படாத மனிதன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சரி" என்றான், ஆம்பூர் வந்த பிறகு.

ஞாயிற்றுக்கிழமை கிரேஸி சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். தம்பியின் சந்தேகத்தைக் கர்த்தர் தீர்த்து வைத்ததாகச் சொன்னபோது பெண்கள் பக்கமிருந்து பல தலைகள் அவனைப் பார்த்துத் திரும்பின. கெசியா பைபிளால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், கட்டிங்கில் வேலை செய்யும் வேலு சாப்பாட்டு இடைவேளையில் இன்பசேகரனைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அந்த டி.என்.ஏ. டெஸ்ட்டு எங்க எடுத்தீங்க?"

"ஏன், உன் புள்ளைக்கு இழுப்பு வருதா?"

"அதெல்லாம் இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கான்."

"ஜுரம்?"

"இல்லண்ணே."

"அப்ப அந்த டெஸ்ட்டு வாணாம். போய்ச் சாப்டு, போ" என்றான் இன்பசேகரன்.