அசில்பெக் வளர்த்த ஈஸ்ட்

அன்று பிஷ்கேக் நகர ஆய்வகத்தில் இருந்தவர்கள்: குடும்பத்தில் மூத்தவனான தெமிர்குல், அதாவது நான்; காலமான என் தம்பி அசில்பெக்கின் மகள், அங்கேயே ஆராய்ச்சி வேலையில் இருந்த பெகிமாய்; அவனோடு கடைசிவரை வேலை செய்த சாலிகா; துறைத் தலைவர் இஸ்காக். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் வாசலில்கூட நிற்கவில்லை.

வசந்தத்தில் அந்த ஆய்வகத்துக்கு என் தம்பியின் பெயரை வைப்பதாக இருந்தது. காரணம் அவனுடைய ஒரே ஒரு முடிவு. சூடுபட்டால் ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் குலைந்து கட்டிகட்டியாகத் திரளும். சூடு தணிந்ததும் செல் அவற்றைப் பிரித்துவிட்டு மறுபடி பெருகும். அதற்கு உதவும் புரதம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து ஒரு மரபணுவைச் செலுத்தி, அந்தப் புரதத்தை மிதமிஞ்சி உண்டாக்கினால் செல் இன்னும் வேகமாகத் தேறும் என்றான் அசில்பெக்.

தங்களுக்கு அப்படி வரவில்லை என்று வெளிநாட்டுக்காரர்கள் சிலர் எழுதினார்கள். எங்கள் பெயர்மேல் சந்தேகம் நிற்கக் கூடாது. தலைவர் முன்னிலையிலேயே செய்து காட்டு என்று பெகிமாயிடம் நான்தான் சொன்னேன்.

சூடுபட்ட ஈஸ்ட்டை அவள் முன்கூட்டியே இரண்டு தட்டுகளில் பரப்பி வைத்திருந்தாள். ஒன்றில் கொழுத்த உணவு. தட்டு நிறைய வளர்ந்திருந்தது. மற்றதில் பத்திய உணவு. செலுத்திய மரபணுவை வைத்திருக்கும் செல் மட்டுமே அதில் வளர முடியும். அது வெறுமையாக இருந்தது.

“எதுக்குடி இந்தப் பட்டினித் தட்டு?” என்றாள் சாலிகா. “உங்கப்பா சூடுபட்டதுக்கெல்லாம் நல்ல தீனிதான் போடுவாரு. காய்ச்சக்காரனுக்கு ஆட்டுச் சாறு குடுக்காம விடுவியான்னு கேப்பாரு.”

“அங்கதான் தப்பு நடந்திருக்கு, அக்கா.”

“முழுசாச் சொல்லும்மா,” என்றார் இஸ்காக். “உங்க பெரியப்பா பதக்கம் குத்துறதுக்கு நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறாரு.”

“நான் எப்பவும் இப்படித்தான் நிப்பேன்,” என்றேன்.

பெகிமாய் என்னை நுண்ணோக்கியிடம் அழைத்தாள். அந்தப் புரதம் பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தார்கள். சூடுபட்டுச் செத்த செல்களில் பச்சைக் கட்டிகள் கரையாமல் கிடந்தன. தட்டில் செழித்தவற்றிலோ ஒளியே இல்லை.

“பச்சையா இருக்கிறதுதான் அப்பாவோட புரதம், பெரியப்பா. அளவுக்கு மேல சேந்து அதுவே கட்டியாயிடுச்சு. செல்லால பிரிக்க முடியல.”

“அப்ப பொழச்சது?”

“அந்த மரபணுவைத் தொலைச்சதுங்க. நல்ல தீனியில அது இல்லாமலும் வளரலாம். தேறிடுச்சுன்னு அப்பா நெனச்சதெல்லாம் இதுங்களைத்தான்.”

சாலிகா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முனைவர் பட்டத்துக்காகப் பெகிமாய் கொடுத்திருந்த ஆய்வேடும் இதே முடிவின்மேல்தான் நின்றது.

இஸ்காக் குரலைத் தாழ்த்தினார். “இன்னிக்கு நான் வரவே இல்லைன்னு வச்சுக்கலாம், தெமிர்குல். உங்க இஷ்டம்.”

பெகிமாய் என்னைப் பார்த்தாள்.

“பாத்தாச்சு,” என்றேன்.

பெயர் வைப்பது நின்றது. அவளுடைய ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். புரதத்தைக் குறைத்தும் முயன்று பார்த்தாள். குறைத்தால் பயனில்லை, கூட்டினால் கட்டி. தம்பியின் ஆண்டு நினைவு விருந்துக்குச் சாலிகா வரவில்லை; மற்றவர்களும் அதிகம் வரவில்லை. எங்கள் வழக்கப்படி சமைத்த குதிரை இறைச்சியில் பாதி மிஞ்சியது.

தகப்பனைக் காட்டிக்கொடுத்து பெகிமாய் பதவி வாங்கினாள் என்று ஊரில் பேசுகிறார்கள். அவளுக்குப் பதவி எதுவும் கிடைக்கவில்லை. இருந்த வேலையும் போயிற்று.