ஓட்டில் எழுதிய பெயர்

ஏனாத்தூர் சாலையில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகள். ஒன்பது வருடமாகக் கைலாசம்தான் சங்கச் செயலாளர். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்து நெய்பவர். தண்ணீர் மோட்டாரை எப்போது போடுவது, மொட்டைமாடிக் கதவை எப்போது பூட்டுவது என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். தேர்தல் என்று ஒன்று நடந்ததே இல்லை.

மூன்றாவது மாடி கிறிஸ்டோபருக்கு இது பொறுக்கவில்லை. கல்லூரியில் வரலாறு நடத்துபவர். அவர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவரும் அவர்தான். ஒருத்தர் சொல்வதை மற்றவர் கேட்டுக்கொண்டு கிடப்பது அவருக்கு ஆகவே ஆகாது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு பாடம் போட்டார். ரோமில் தலைமைப் பதவிக்கு இரண்டு பேரை வைத்தார்கள், அதுவும் ஒரே வருடம்தான் என்றார். ஏதென்ஸில் பல பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்கள் என்றார். பதிலுக்குக் கும்பிடும் கைகள் நிறைய வந்தன. மோட்டார் மட்டும் பழைய நேரத்துக்கே ஓடியது.

ஒருநாள் ஏதென்ஸ்காரர்கள் ஓடு போட்ட கதையை எழுதினார். அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டவரின் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். அதிகம் விழுந்தவர் பத்து வருடம் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். குற்றச்சாட்டு கிடையாது, சொத்தையும் பிடுங்க மாட்டார்கள். 'நமக்கு ஐந்து வருடம் போதும். பெயர் அதிகம் விழுந்தவர் சங்க வேலையில் தலையிடக் கூடாது' என்று முடித்தார். கைலாசம் கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். "ஞாயித்துக்கெழம காலைல வச்சிக்கலாம் சார்," என்றார் அவர்.

ஞாயிறன்று, கார் நிறுத்தும் இடத்தில் கிறிஸ்டோபரே நின்று சீட்டுக் கொடுத்தார். போன மாதம் முதல் மாடிக்குக் குடிவந்த செல்லியம்மாள் வந்தார். பஸ் நிலையத்தருகே இட்லிக்கடை நடத்துபவர்.

"எனக்கு எழுதத் தெரியாதுப்பா. ஒரு பேரு எழுதிக் குடு."

"சொல்லுங்கம்மா."

"கிறிஸ்டோபர்னு எழுது."

பேனா நின்றது. "அவர் உங்களுக்கு என்னம்மா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல. அவுரு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. எம் மருமவ காலைல போனைத் தொறந்தா அவுரு மெசேஜ்தான். அரிசி கழுவ வுடாம படிச்சிக் காட்டிக்கினு இருக்கறா. எந்நேரமும் நியாயம் பேசிக்கினே இருந்தா யாருதான் கேக்கறது?"

கிறிஸ்டோபருக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். பதினான்கு வருடமாக வகுப்பில் சொல்லி வருகிறார். ஏதென்ஸில் ஓடு போடும் நாளன்று, நியாயவான் என்று பேரெடுத்த அரிஸ்டைடிஸ் என்ற தலைவரிடம் எழுதத் தெரியாத ஒருவன் வந்தான். அவர் யாரென்று தெரியாமல், அவர் பெயரையே ஓட்டில் எழுதித் தரச் சொன்னான். அந்த ஆளை நியாயவான், நியாயவான் என்று எல்லோரும் சொல்லக் கேட்டு அலுத்துவிட்டது என்றான். அரிஸ்டைடிஸ் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் கிறிஸ்டோபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

இப்போதும் துடைத்துக்கொண்டார். 'கைலாசம்' என்று எழுதி, நான்காக மடித்துக் கொடுத்தார்.

"நல்லா இருப்பா," என்று சீட்டைப் போட்டுவிட்டுச் செல்லியம்மாள் கடைக்குப் போய்விட்டார்.

இரண்டாம் மாடி சங்கீதா எண்ணினார். கைலாசம் பதினொன்று, கிறிஸ்டோபர் பத்து. ஒரு சீட்டில் 'மோட்டார்' என்று மட்டும் எழுதியிருந்தது. தன் பெயரை எழுதிய பத்துப் பேர் யார் என்று கிறிஸ்டோபர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் சிரித்த முகத்தோடு கைதட்டிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாரும் வரவில்லை. அது கிறிஸ்டோபர் தலையிலேயே விழுந்தது.

மறுநாள் காலை கைலாசம் சாவிக்கொத்தோடு வந்தார். பத்து வயது குறைந்தவர் போலிருந்தார்.

"இது மோட்டார் ரூமு, இது மாடி. ஒம்போது வருஷமா வேணாம் வேணாம்னு சொல்லிக்கினு இருக்கேன், ஒருத்தரும் வாங்கிக்கல சார். நேத்து எம் பேர நானே எழுதிப் போட்டேன். இனிமே நிம்மதியா தறில குந்துவேன்."

கொத்தைக் கிறிஸ்டோபர் கையில் திணித்தார். உடனே படியிறங்கிவிட்டார்.

கல்லூரிக்குப் போட்ட சட்டையோடு கிறிஸ்டோபர் மோட்டார் அறைக்குப் போய் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். செல்லியம்மாள் காலிக் குடத்தோடு வந்து நின்றார்.

"நீதான் புதுசா வந்துகிறியாப்பா? நல்லதாப் போச்சு. அந்தக் கிறிஸ்டோபர் வந்துடுவாரோன்னு பயந்துக்கினு இருந்தேன்."

"இல்லம்மா," என்று சொல்லி, கிறிஸ்டோபர் மோட்டாரைப் போட்டார்.