பதினாறாவது கேள்வி

அக்கா அந்த மாத்திரையைப் போட ஆரம்பித்துப் பதினோரு நாள் ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

காலையில் ஃபிரிட்ஜின் மேல் மாத்திரை அட்டை கிடந்தது. மூன்று வருடமாக எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் நான் தினமும் எழுதுகிற பெயர். வீட்டில் பார்த்ததும் அட்டையைக் கையில் எடுத்தேன்.

"அக்கா, இது யாருது?"

"என்னுதுதான். தூக்கமே வரலன்னு டாக்டர்கிட்ட போனேன்ல." அவள் வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலையும் மாலையும் பதினான்கு பிள்ளைகள். "வண்டி ஓட்டறேனே, பகல்ல தூக்கம் கண்ணக் கட்டுமான்னு கேட்டேன். அவரும் கம்ப்யூட்டர்ல தேடினார். ஆராய்ச்சிக் கட்டுரையில அப்படி எதுவும் போடல, தைரியமா சாப்பிடுங்கன்னார். யாரு எழுதினது தெரியுமா? உங்க மேடம். என் தங்கச்சி அங்கதான் வேலை செய்றான்னு பெருமையா சொல்லிட்டு வந்தேன்."

"அக்கா, அது வந்து..."

"எலிக்குட்டி, நீ 'வந்து'ன்னு ஆரம்பிச்சா விஷயம் வந்து சேர அரை மணி நேரம் ஆகும். பிள்ளைங்க நிக்கும். சாயங்காலம் சொல்லு."

போய்விட்டாள்.

கட்டுரையில் பொய் ஒரு வரிகூட இல்லை. மருந்து சாப்பிட்டவர்களிடமும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் ஃபோனில் பதினாறு கேள்விகள் கேட்டோம். கேட்டது நான். முகம் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வரும். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், நடுவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்று போய், கடைசியில் பதினாறாவது: பகலில் வேலையாக இருக்கும்போது உங்களை அறியாமல் கண் மூடியதா? மருந்து நல்ல பெயர் வாங்கிய மூன்று கேள்விகளின் பதில்கள் மட்டும் கட்டுரைக்குப் போயின. மற்றவை என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. எழுதாததை டாக்டர் 'இல்லை' என்று படித்துவிட்டார்.

வெளியிடாத முடிவுகளை வெளியே பேச மாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் முதலில் மேடத்தின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றேன்.

"மேடம், அந்தப் பதினாறாவது கேள்வி..."

"அதுக்கு என்ன?"

"அதைப் போட்டிருக்கலாம்."

"நடுவுலதானேம்மா அதைச் சேர்த்தோம்? பாதிப் பேர்கிட்டதான் கேட்டோம். அரைகுறையா எப்படிப் போடறது? அடுத்த கட்டுரையில பாக்கலாம்."

"அது எப்போ மேடம்?"

"பணம் வந்தா." சிரித்தார். "நாலு பேர் கண் அசந்திருப்பாங்க. மூணு மணிக்கு நம்ம கணக்குப் பிரிவுல போய்ப் பாரு, யார் முழிச்சிருக்காங்கன்னு."

வழக்கம் போல நானும் சிரித்தேன். பிறகு, "நாலு பேர் இல்ல மேடம்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கையெழுத்துப் போட்டிருக்க. ஞாபகம் இருக்குல்ல?"

மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு ஃபோன் அழைப்பு பற்றி. போன வருடமே அதை அவரிடம் சொல்லியிருந்தேன். அந்த ஆளே பேசவில்லை என்றால் 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று போடு என்றார். போட்டேன். இப்போது மறுபடி சொல்ல வாய் வரவில்லை.

வராந்தாவில் நின்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: இன்னிக்கு வேன் ஓட்டாதே.

பதில் உடனே வந்தது: சரி, நீ வந்து ஓட்டு.

எனக்குச் சைக்கிளே சரியாக வராது. ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வேன் நிறைந்திருந்தது. முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

"அக்கா, இறங்கு. பேசணும்."

"வீட்ல பேசலாம். அதுங்க வீட்ல எல்லாம் வாசல்ல நிப்பாங்க." வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

நான் சாலையைப் பார்க்கவில்லை, அவள் கண்களைப் பார்த்தேன். இமை இறங்கும், ஏறும். இறங்கியது ஏறுவதற்குள் எனக்கு மூச்சு நின்றது.

"என்னடி, என் மூஞ்சில சினிமாவா ஓடுது?"

பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் இறங்கினார்கள். பெரிய சாலைச் சந்திப்பில் சிவப்பு விழுந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர், பின் சீட்டில் ஒரு குழந்தை அம்மாவின் முதுகில் சாய்ந்திருந்தது. வேனுக்குள் வெயிலும் சாப்பாட்டு டப்பா வாடையும். அக்கா பேச்சை நிறுத்தியிருந்தாள்.

வேன் நகர்ந்தது. மெதுவாக, யாரோ பின்னால் இருந்து தள்ளுவது போல.

"ஆன்ட்டி, இன்னும் சிவப்புதான்," என்றாள் பின்னால் ஒரு சிறுமி.

அக்காவின் கைகள் ஸ்டியரிங்கில் சரியாகத்தான் இருந்தன. கண்கள் பாதி திறந்திருந்தன. அவற்றுள் யாரும் இல்லை.

இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வண்டி குலுங்கி நின்றது. ஸ்கூட்டரின் நம்பர் பலகைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கை நுழையாது.

"என்னடி பண்ற நீ?"

"தூங்கிட்டே."

"யாரு தூங்கினா? ஏதோ யோசனையா இருந்தேன்."

சாவியை உருவினேன். பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன்கள் ஆரம்பித்தன. பிள்ளைகள் பாட்டை நிறுத்தியிருந்தார்கள்.

"சாவியக் குடு. விளையாடற நேரமா இது? யாராவது பாத்தா என் வேலை போயிடும்."

"என் வேலையும்தான்," என்றேன். சாவியைக் கைக்குள் இறுக்கினேன். "அந்த மாத்திரையைச் சாப்பிட்ட நாப்பது பேர்கிட்ட நான் கேட்டேன். பதினஞ்சு பேருக்கு இதே மாதிரி ஆச்சு. வெறும் மாவு மாத்திரை குடுத்த நாப்பது பேர்ல ரெண்டு பேருக்குத்தான். கட்டுரையில அதைப் போடல."

அக்கா ஹார்ன் சத்தத்தை மறந்து என்னையே பார்த்தாள்.

"அந்த மாத்திரை சாப்பிட்ட நாப்பத்தொண்ணாவது ஆளுக்கு ஃபோன் பண்ணினேன். அவர் சம்சாரம் எடுத்தாங்க. லாரி ஓட்டிட்டிருந்தப்பவே தூங்கிட்டாராம். அவர் செத்துட்டார் அக்கா."