"நன்று" வாங்கிய மண்

புல்வெளி ஆராய்ச்சி நிலையத்தின் நூற்றுப் பன்னிரண்டு வகைச் செடிகளும் ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு வேரோடு எழுந்து, வாசல் கேட்டைத் தாண்டி நடந்து போயின. காவலாளி பதிவேட்டில் வகைவாரியாக எழுதி, காரணம் என்ற கட்டத்தில் "சொந்த வேலை" என்று போட்டார்.

உண்மையான காரணம் இயக்குநர். மண் பரிசோதனைப் படிவம் வயல்களுக்காக அச்சடித்தது. சத்து குறைந்த மண்ணை "மோசம்" என்றும் நிறைந்ததை "நன்று" என்றும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். வருடா வருடம் வந்த "மோசம்" அவரை உறுத்தியது. நான்கு லாரி உரம் இறக்கினார். பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள் அவருடைய கொழுந்தியாள். "அத்தான், இதுங்க எல்லாம் அரைவயித்துல வாழப் பழகினதுங்க. அள்ளிப் போட்டா ஒரு தடியன் மட்டும் தின்னு கொழுப்பான், மத்ததுக்கு நிக்க இடமிருக்காது" என்றாள். அவர், "ஆபீஸ்ல சார்னு கூப்பிடு" என்றார்.

"நன்று" வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அதற்குள் எங்கிருந்தோ வந்த முரட்டுப் புல் ஒன்று இடுப்புயரம் வளர்ந்து வெயிலை மறைக்க, மற்றவை கிளம்பிப் போய் எதிரேயிருந்த கல்குவாரியில் குடியேறின. தலைமையகம் விளக்கம் கேட்டது. செடிகளுக்குப் பொறுப்பு கொழுந்தியாள்தான் என்று இயக்குநர் பதில் எழுதினார். நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று குறைந்தாலும் அவள் வேலை போகும் என்று "மிக அவசரம்" முத்திரையோடு கடிதம் வந்தது. தவணை எட்டு வருடம். வீட்டில் அக்கா மூன்று மாதம் கணவருக்கு உப்பில்லாமல் சமைத்தாள்.

கொழுந்தியாள் உரம் போடவில்லை, விதை தூவவில்லை. வருடம் இருமுறை புல்லை அறுத்து, ஒரு புல்தாள்கூட அங்கே மட்கவிடாமல் மாட்டுப் பண்ணைக்கு அனுப்பினாள். சத்து மாட்டு வயிற்றுக்குப் போனது, மண் மெலிந்தது, முரட்டுப் புல் தளர்ந்தது. செடிகள் எட்டிப் பார்த்துவிட்டு, பத்தும் பதினைந்துமாகத் திரும்பின.

தவணையின் கடைசி நாளில் ஒன்றுதான் பாக்கி: நகக்கண் அளவு ஊதாப் பூச்செடி. அன்றே இயக்குநருக்குப் பணி ஓய்வு. மண்ணை வளப்படுத்திய வரலாற்றை அவர் மேடையில் விவரித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செடி வாசல் கேட்டுக்கு வந்து நின்றது.

"போன வேலை முடிஞ்சுதா?" என்று கேட்ட காவலாளி, மணி பார்த்து 4.10 என்று எழுதி, உள்ளே விட்டார். கொழுந்தியாள் சட்டத்திலிருந்த "நன்று"வை உருவிவிட்டு, அந்த வருடத்து "மோசம்" ஒன்றைச் செருகி அதே ஆணியில் மாட்டினாள்.