மழை லில்லி பூத்த இடம்

தம்பி ஞாயிறுதோறும் வர ஆரம்பித்ததும் நர்ஸக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதுவரை வருஷத்துக்கு ஒருமுறை அவன் எட்டிப் பார்ப்பதே பெரும்பாடு. கார் மெக்கானிக், சொந்த ஒர்க்‌ஷாப், கல்யாணமாகித் தனிக்குடித்தனம். கேட்டால் நேரமில்லை என்பான். ஆஸ்பத்திரியில் ஊரார் வலியையெல்லாம் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவளிடம் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. அப்பா இருவர் பேருக்கும் விட்டுப்போன வீட்டில் அவளும், வாசல் நிறைய மழை லில்லியும்தான்.

மழை லில்லிக்கு யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. சின்ன வெங்காயம் போன்ற ஒரு கிழங்கை மண்ணுக்குள் தள்ளிவிட்டு மறந்துவிடலாம். அது குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குட்டி போட்டு, கேட்டிலிருந்து படி வரைக்கும் தானாகவே பரவிக்கொள்ளும். ஒரு நல்ல மழை பெய்தால் போதும், இரண்டொரு நாளில் பேசி வைத்துக்கொண்டது போல அத்தனையும் ரோஸ் நிறத்தில் பூக்கும். ரொம்ப நெருங்கிவிட்டால் மட்டும் பூ குறையும். அப்போது தோண்டிப் பிரித்து யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

அதனால்தான், "எங்க வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் மண்ணு சும்மா கெடக்குக்கா, நடறதுக்கு நாலு கிழங்கு குடேன்" என்று அவன் கேட்டதும் அவள் மகிழ்ந்துபோனாள். பழைய யூனிபார்மைக் கிழித்துத் தைத்த பையில் அள்ளிப் போட்டுக் கட்டினாள்.

"வெங்காயம்னு நெனச்சு உன் பொண்டாட்டி வதக்கிடப் போறா, பாத்துக்கோடா."

அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும். கேட்டுப் பக்கத்திலிருந்து வரிசையாகத் தோண்டச் சொன்னான். வாசல் வழுக்கை விழுவதைப் பார்த்து அவள் தயங்கியபோது, "அங்க பெருகினதும் உனக்கே கொண்டாந்து நட்டுத் தரேன்க்கா" என்றான். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டு கதை பேச, அவள் குந்தி உட்கார்ந்து தோண்டினாள். தோண்டத் தோண்ட அவன் வந்தான். அவளுக்கு வேறென்ன வேண்டும்?

நடுவாரத்தில் போன் செய்து கேட்பாள், "பூத்துச்சாடா?"

"பூக்காம? உன் தம்பி பொண்டாட்டி டம்ளர்ல தண்ணி ஊத்தி டிவி பக்கத்துல வெச்சிருக்கா."

மழையே பெய்யாத மாதம் அது. ஊசிக்குப் பயந்து காய்ச்சலே இல்லை என்று சாதிக்கிற நோயாளியைக் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுகிறவள், தம்பி சொன்னதும் தலையாட்டிக்கொண்டாள். பாசம் வந்தால் புத்தி லீவு போட்டுவிடுகிறது.

கடைசிப் பையும் போன பிறகுதான் மழை கொட்டியது. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் லீவு சொல்லிவிட்டு, பூவைப் பார்க்கவென்றே தம்பி வீட்டுக்குப் போனாள்.

"என்ன பூ அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

பின்பக்கம் சுவர் முட்டச் சிமெண்டுத் தரை. அதில் துணி உலர்த்தும் கம்பி நின்றது. நர்ஸக்கா, "ஒண்ணுமில்லம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தாள். அங்கே நட்டிருப்பான் என்று அப்போதும் நம்பினாள், பாவி மனுஷி.

அங்கே பூ இருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், உடைந்த பம்பரும் தேய்ந்த டயரும் கொட்டிய குப்பைமேட்டில், ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக. அவள் போட்ட முடிச்சு அவிழாமலே பைகள் கிடந்தன. துணி கிழிந்த ஓட்டை வழியாகத் தண்டை நீட்டிப் பூத்திருந்தன. ஒரு பையைக்கூட அவன் பிரித்துப் பார்க்கவில்லை.

காருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்கக்கா! மொதலாளி வெளிய போயிருக்காரு. ஞாயித்துக்கெழம வண்டி நிறுத்த உங்க வாசல்ல ஷெட்டு போடறாராமே. இங்க எடம் பத்தலல்ல. நீங்களே தோண்டிக் காலி பண்ணிக் குடுத்துட்டீங்கன்னு மொதலாளி சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு."

அவள் விரலாலேயே அவள் கண்ணைக் குத்த வைத்திருக்கிறான். அதுவும் டீ குடித்துக்கொண்டே, சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை இரும்புக் கம்பம் ஏற்றிய வண்டியோடு வந்தான். அவள் கேட்டைப் பூட்டி, உள்ளே நின்றுகொண்டிருந்தாள்.

"குப்பமேட்டுல நல்லா பூத்திருக்குடா" என்றாள்.

அவன் முகம் செத்தது. சட்டென்று சமாளித்துக்கொண்டு, "எனக்கும் இதுல பாதி பங்கு இருக்குக்கா" என்றான்.

"இருக்கு. அத வாய்விட்டுக் கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா குடுத்திருப்பியா? பூவு பூவுன்னு மாட்டேன்னுதான் சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன். அதுக்குத்தான்டா கேக்கணும். டம்ளர்ல வெச்சிருக்கான்னு சொன்னியே, அதக் கேட்டு ஆஸ்பத்திரி பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். தம்பி கேட்டை உலுக்கிவிட்டு, "வெறும் மண்ணு. ஒரு செடி இல்ல. இதப் போயி காவல் காக்கிறியா?" என்று கத்தினான். அவள் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வண்டியைத் திருப்பச் சொன்னான். ஏறப் போனவன் நின்று, கோபம் இறங்கிய குரலில் கேட்டான்:

"அப்ப அடுத்த வாரம் நான் வர வேணாமா?"

வாடா என்று சொல்லிவிடக்கூடிய ஆள்தான் அவள்.

"தோண்டிக் குடுக்க ஒண்ணும் மிச்சமில்லயேடா" என்றாள். "இனிமே எதுக்கு வரப்போற?"