தங்கை எழுதிய நாமினி

கடிதம் வந்த நாளிலிருந்து தையல் மெஷின் மெக்கானிக் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான். சந்தோஷமா பயமா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தங்கை இறந்து எட்டு மாதம். அவள் வேலை பார்த்த கம்பெனி அவள் பெயரில் எடுத்திருந்த இன்ஷூரன்ஸ் பணம் தயாராக இருக்கிறது, நாமினி அவன்தான், நேரில் வந்து கையெழுத்துப் போடவும் என்றது கடிதம். கல்யாணத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த அன்று அவள் நிரப்பிய படிவம் அது. அன்று அவளைக் கொண்டுபோய் விட்டவனும் அவன்தான். நாமினி என்ற இடத்தில் யாரைப் போடுவது என்று வாசலுக்கு வந்து கேட்டாள். "என் பேரைப் போட்டுத் தொலை, நேரமாச்சு" என்றான். பிறகு கல்யாணம் ஆனது, பெண் பிறந்தாள். படிவத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

நாமினி என்பது அவனுக்குப் பழகிய சொல்தான். பாங்கில் கேட்பார்கள், பாலிசி எடுத்தால் கேட்பார்கள். யோசிக்காமல் மனைவி பெயரை எழுதுவான். செத்தால் பணம் யாருக்கு என்று கேட்கிறார்கள், அவ்வளவுதானே. கடிதத்தை நகல் எடுத்த ஜெராக்ஸ் கடைக்காரரும் அதையே சொன்னார்.

"நாமினின்னா முடிஞ்சுது. உன் பணம். எவன் வந்தாலும் அசைக்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் வீட்டுக்காரிதான் எனக்கு நாமினி. இன்னும் சொல்லல. சொன்னா, நான் இருமினாலே எட்டிப் பாப்பா."

அந்த வாரமே, வாழ்நாளெல்லாம் அடுத்தவர் மெஷினைப் பிரித்து மாட்டியவன், சொந்தமாகக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்தான். மனைவிக்குத் தெரியாமல் அவள் வளையல்களை விற்ற பணம். அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது என்று ரசீதிலேயே அச்சடித்திருந்தது.

அதோடு தங்கை வீட்டுக்குப் போவதும் நின்றது. ஞாயிறு தவறாமல் போய், தங்கை மகளைத் தோளில் வைத்துத் தெருவைச் சுற்றியவன். இப்போது மாப்பிள்ளை போன் செய்தால், மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பணத்தைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ?

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண் தாள்களைப் புரட்டிவிட்டு, இறந்தவருக்குக் கணவர், குழந்தை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றான்.

"அப்ப வாங்கி அவங்ககிட்ட கொடுத்துடுங்க. நாமினின்னா எங்ககிட்ட வாங்கிக்கிறவர், அவ்வளவுதான் சார். பணம் வாரிசுங்களோடது."

கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்க கேஸ் போட்டா கொடுத்துத்தான் ஆகணும். போடலைன்னா, நாங்க யாரும் வந்து பாக்கப்போறதில்ல."

அடையாள அட்டையை மறந்துவிட்டேன் என்று சொல்லி எழுந்தான். அட்டை சட்டைப்பையில் இருந்தது.

மாப்பிள்ளை கேஸ் போடுகிற ஆள் இல்லை. அதுதான் வம்பு; கொடுப்பதா வேண்டாமா என்பது அவன் கையிலேயே இருந்தது. பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்களை விட்டான். நாலாவது, தங்கை வீட்டுப் பக்கம் போவது. ஏறிவிட்டான்.

மாப்பிள்ளைக்கு மதிய ஷிஃப்ட். நாற்காலியில் உட்கார்ந்து மகளின் யூனிஃபார்முக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நூல் இரட்டையாக இல்லை, இரண்டு நாள் தாங்காது என்று மெக்கானிக்கின் கண் தானாகப் பார்த்தது. உட்காராமலேயே எல்லாவற்றையும் கொட்டினான். கடிதம், மெஷின், கவுண்டரில் கேட்ட கேள்வி, ஒன்றையும் விடவில்லை.

"லெட்டர் வந்தது தெரியும். அவ ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார் மாப்பிள்ளை.

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க இங்க வர்றதை நிறுத்திடுவீங்கன்னு நெனச்சேன். கேக்காமலே நிறுத்திட்டீங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பாப்பாவுக்கு அவ அம்மா பக்கம்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான், மச்சான்."

ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, அட்வான்ஸ் போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றான். அவன் மனைவிக்குத் தெரியுமா என்றார். தெரியாது.

"நீங்களும் கூட வாங்க, மாப்ள. கையெழுத்துப் போட்டதும் பணம் என் கணக்குல ஏறிடும். அப்பவே உங்களுக்கு மாத்திடலாம். ஒரு நாள் என்கிட்ட இருந்தாலும் என்னை நானே நம்பமாட்டேன்."

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ஷிஃப்ட் இருக்கு. நீங்களே போயிட்டு வாங்க. வர்ற வழியில பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்க, மூணு மணிக்கு விடுவாங்க. பக்கத்து வீட்டு அக்காவைத்தான் அனுப்ப இருந்தேன், வேணாம்னு சொல்லிடறேன்."

மணி பன்னிரண்டரை. ஆபீசுக்குப் போய், கையெழுத்துப் போட்டு, பணத்தை மாற்றிவிட்டு, மூன்று மணிக்குள் பள்ளிக்கூடம். இன்று பஸ் தாமதமானால் கேட்டருகே குழந்தை தனியாக நிற்கும். அவன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினான்.