நீலம் ஓட்டாத தாள்

நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று முதலாளி செலிக் சொல்லியிருந்தார். ஹெர்த்தா காலை எட்டு மணிக்கே அவர் கொட்டகை இருந்த பெத்தா திக்வாவில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள். எட்டு மணி நேரம் முன்னால் போய் நின்றால் கையெழுத்து என்ன, நடந்து வந்து மடியிலா உட்காரப்போகிறது? பயந்தவர்களுக்குப் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. ‘ஹெர்த்தா லெவின்சோன் எங்கள் ஆரஞ்சுக் கம்பெனியில் நிரந்தர ஊழியர்.’ அந்தக் கடிதத்தை மறுநாள் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஜெருசலேம் குடியேற்ற அலுவலகத்தில் கொடுத்தால்தான், ஜெர்மனியின் பிரெஸ்லாவில் இருக்கும் அவள் அப்பாவை வரவழைக்க அனுமதிச் சீட்டு கேட்க முடியும். நிரந்தர வேலை இல்லாத மகளை நம்பி, பாலஸ்தீனத்தை ஆளும் வெள்ளைக்காரன் ஒரு கிழவரைக் கப்பலேற விடமாட்டான். அன்று தவறினால் பட்டியலை மூடிவிடுவார்கள். அடுத்த பட்டியல் எப்போது திறக்கும் என்பது அந்த அலுவலகத்துக் கதவுக்கே தெரியாது.

அப்பா பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். நவம்பரில் நாஜிகள் அவரைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். அதன்பின் வந்த தபால் அட்டையில் எழுதியிருந்தார்: ‘நலம். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன். இந்தக் குளிருக்கு அது அவ்வளவு ஏற்றதல்ல.’ வேறொன்றும் எழுதவில்லை. மேலே எழுதினால் அட்டை வந்து சேராது என்று அவருக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கவளம் ஒழுங்காக இறங்கவில்லை.

டெல் அவிவில் ‘விளம்பர ஓவியம்’ என்று சொந்தப் பெயரில் பலகை மாட்டியிருந்த பெண் அப்போது அவள் ஒருத்திதான். படியேறி வருகிறவர்கள் அவள் தலைக்கு மேலாக எட்டிப்பார்த்து, “வீட்டுக்காரர் இல்லீங்களா?” என்பார்கள். செலிக் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் ‘நிரந்தரம்’ என்ற சொல்லுக்கு இரண்டு மாதம் இழுத்தடித்தார். “பொம்பளைக்கு என்னம்மா நிரந்தரம்? நாளைக்கே கல்யாணம்னு பறந்துடுவ. நான் பிரஷ்ஷப் புடிச்சுக்கிட்டு நிக்கணுமா?” கடைசியில் அவள் வரைந்த புதுத் தாளைப் பார்த்துத்தான் மனம் இளகினார்.

கப்பலேறும் ஒவ்வொரு ஆரஞ்சையும் சுற்றும் மெல்லிய தாள் அது. நடுவில் செம்மஞ்சளில் ஒரு வட்டம். அதைச் சுற்றி நீலத்தில் ஒரு எழுத்து வளையம். பழம் தின்னுமுன் அப்பா ஏதோ முணுமுணுப்பாரே, அது என்ன என்று கடிதத்தில் கேட்டிருந்தாள். அவர் அந்த எபிரேய வாழ்த்தை முழுதாக ஓர் அட்டையில் எழுதி அனுப்பினார். அந்தக் கையெழுத்தையே பிரதியெடுத்து, இழுத்து, வளைத்து மாலையாக்கிவிட்டாள். தாளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தால்தான் படிக்க முடியும். யார் சுழற்றப்போகிறார்கள்? அச்சகத்துக்காரர் பூவேலை என்றார். செலிக்கும் பூவேலை என்றே நினைத்தார். அப்பாவின் கை உலகமெல்லாம் போகிறது என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

கொட்டகையில் பழம் சுற்றும் பெண்கள் இருபது பேர். எல்லாரும் ஏமன் நாட்டிலிருந்து வந்த யூதர்கள். அவர்களுக்குத் தலைவி போல இருந்தவள் ரூமியா. நாற்பது தாண்டியவள், கை மின்னல். அன்று காலை அச்சகத்திலிருந்து வந்த கட்டில் முதல் தாளை எடுத்தாள். பழத்தை வைக்கப் போனவள் நின்றாள். உதடு அசைந்தது. தாளை முத்தமிட்டு மேசைமேல் வைத்துவிட்டாள்.

“பொண்ணே, இது யாரு எழுத்து?”

“எங்கப்பா கை. அதப் பாத்து நான் போட்டேன். நல்லா இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. அதான் வயித்தக் கலக்குது. வாழ்த்து முழுசா இருக்கே. ஆண்டவன் பேரும் இருக்கு.”

ஹெர்த்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீங்க எப்படிப் படிச்சீங்க? சுத்திக்கூடப் பாக்கலையே!”

“சனாவுல எங்கப்பன் பாடம் சொல்லிக் குடுப்பான். ஆறு பசங்களுக்கு ஒரே புஸ்தகம். சுத்தி உக்காந்து படிப்பானுங்க. நான் பொட்டப்புள்ள, எனக்கு ஏது எடம்? எதுத்தாப்புல தண்ணிச் செம்போட நின்னு தலைகீழாவே படிச்சேன். எனக்கு எழுத்து எப்படி நின்னாலும் ஒண்ணுதான்.” மற்ற பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள். “பேர் இருக்கற காகிதத்தக் குப்பையில போடலாமா? லண்டன்காரன் தின்னுட்டுச் சாக்கடையில எறிவான், மிதிப்பான். கெழிஞ்ச துண்டா இருந்தாலும் நம்மாளு மனுசனப் பொதைக்கற மாதிரி பொதைக்கணும். ஒங்க ஊர்ல சொல்லித் தரலையா?”

சொல்லித் தரவில்லை. அவர்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவை ஜெபக்கூடம் போவதோடு சரி.

“மேல மை பூசி அழிச்சிடலாமா?”

“அழிக்கறது அதவிடப் பாவம்.”

ஹெர்த்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடிதம், ஜெருசலேம், அப்பாவின் முடி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். “நாலு மணி வரைக்கும் சொல்லாதீங்க. கையெழுத்தானதும் நானே சொல்லிடறேன்.”

ரூமியா மாடியைப் பார்த்தாள். அங்கே கண்ணாடி அறையில் செலிக்கின் வழுக்கை தெரிந்தது. “நாலு வரைக்கும் ஒரு பழமும் சுத்தமாட்டோம். ஆனா பொய் சொல்லமாட்டேன். என்னைக் கேட்டா உள்ளத சொல்லிடுவேன். கேக்காம பாத்துக்க.”

அந்தக் கொட்டகையில் அன்று நடந்த கூத்து கொஞ்சமில்லை. தரம் பிரித்த பழங்களை மறுபடி தரம் பிரித்தார்கள். ஒருத்திக்கு மயக்கம் வந்தது. மயக்கம் தெளியவைக்கப் போனவளுக்கும் வந்தது. பெட்டி ஆணி காணாமல் போய் எல்லாரும் குனிந்து தேடினார்கள். ஆணி ஒருத்தியின் தலைமுக்காட்டுக்குள் இருந்தது. மதியம் பச்சைமிளகாய்த் துவையலைத் தொட்டு ரொட்டி தின்றே ஒரு மணி நேரத்தை ஓட்டினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஹெர்த்தா மட்டும் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை.

பன்னிரண்டரைக்கு செலிக் இறங்கி வந்தார். மேசையிலிருந்து ஒரு பழத்தையும் ஒரு தாளையும் எடுத்தார், படியில் உட்கார்ந்து உரித்துத் தின்றார். தோலையெல்லாம் அந்தத் தாளில் சுருட்டித் தரையில் எறிந்துவிட்டு, “என்ன இன்னைக்கு எல்லாரும் ஆமையாட்டம் நகர்றீங்க?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டு மேலே போய்விட்டார். ரூமியா எழுந்து போய்த் தாளை எடுத்தாள். துடைத்தாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தட்டச்சடித்த கடிதத்தோடு வந்தார். நல்ல சிரிப்பு. “உத்தியோகக்காரம்மா, மாப்பிள்ளை பாக்கறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு, என்ன?” கவிழ்த்த பெட்டியின்மேல் கடிதத்தை வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். பேனா முனை காகிதத்தைத் தொட ஒரு விரல்கடை இருக்கும், அப்போது நிமிர்ந்து பார்த்தார்.

“சுத்தின பெட்டி எங்க?”

இருபது பேரும் குனிந்து பழங்களைத் துடைத்தார்கள்.

“ஒண்ணுகூட இல்லையா? ஞாயித்துக்கெழமை கப்பல்! ரூமியா, ஒன்னத்தான் கேக்குறேன். ஏன் சுத்தல?”

போச்சு என்று ஹெர்த்தா கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. திறந்தாள். ரூமியா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“வாயில என்ன, கொழுக்கட்டையா? சொல்லு! சொல்லமாட்ட? சரி, நாளையிலேருந்து வராத. நீ மட்டும் இல்ல, ஒன் தங்கச்சியும் வர வேணாம்.”

கேட்டால் சொல்லிவிடுவேன் என்றவள் வாய் திறக்கவில்லை. வீட்டில் ஐந்து பிள்ளைகள். கல் மாதிரி நின்றாள். ஹெர்த்தா கடிதத்தைப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக இடம் கிடந்தது. ஐந்து நிமிஷம் சும்மா இருந்தால் போதும். அப்பாவின் ஒட்ட வெட்டிய தலை கண்முன் வந்தது.

“தப்பு எம்மேல,” என்றாள். குரல் கீச்சென்று வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

செலிக் பேனாவை மூடினார். “சாமியெல்லாம் வார்சாவுலயே விட்டுட்டு வந்தவன் நான்! காகிதத்துக்குக் கருமாதியா? தாள் போச்சு, கப்பல் போச்சு, ஒனக்கு நிரந்தரம் வேறயா?” கத்திக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். முகம் வெளுத்தது. “மத்தியானம் நான் தின்னு எறிஞ்சேனே. அது எங்க?”

ரூமியா மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கினார். என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில், நெஞ்சோரமாக வைத்துக்கொண்டார். சாமியை வார்சாவில் விட்டுவிட்டு வரலாம், சின்ன வயசில் அம்மா சொல்லித் தந்ததை விட்டுவிட்டு வர முடியுமா?

அந்த ஒரு நிமிஷத்தில்தான் ஹெர்த்தாவின் மூளை வேலை செய்தது. “முதலாளி, முக்கால்வாசித் தாள் இன்னும் அச்சகத்துலதான் இருக்கு. செம்மஞ்சள் மட்டும்தான் அச்சுல ஓட்டியிருக்கு. நீலம் நாளைக்குத்தான்.” பையிலிருந்து மாதிரித் தாளை உருவினாள். நடுவில் வட்டம் மட்டும். சுற்றிலும் எழுத்து வரவேண்டிய இடம் வெறுமை.

ரூமியா வாங்கி ஒரு பழத்தைச் சுற்றினாள். செலிக் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மொட்டையா இருக்கே.”

“சொல்ல வேண்டியத திங்கறவன் சொல்லிக்கட்டும்,” என்றாள் ரூமியா.

செலிக் தொலைபேசிக் கைப்பிடியைச் சுழற்றி, “நீலம் ஓட்டாத!” என்று அச்சகமே அதிரக் கத்தினார். திரும்பி வந்து பெட்டியின் முன்னால் நின்றார். “அவ, வேலை போகும்னு தெரிஞ்சும் வாயத் தெறக்கல. நீ, கடுதாசி போகும்னு தெரிஞ்சும் தெறந்துட்ட. ஒரே கொட்டகையில ரெண்டு பைத்தியம். எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு பாரு.” கையெழுத்தைக் கிறுக்கினார். “ரூமியா, நாளைக்கு நேரத்தோட வா. நீ ஓடு, பஸ் போயிடும்.”

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குக் கடிதம் ஜெருசலேமில் முத்திரை வாங்கியது. அந்த மொட்டை வட்டம் சந்தையில் நன்றாகப் பேர் வாங்கியது. இரண்டே மாதத்தில் வேறு கம்பெனிகள் அதைக் காப்பியடித்தன. பிப்ரவரி கடைசியில் அனுமதிச் சீட்டும் வந்தது. அதைப் பதிவுத் தபாலில் பிரெஸ்லாவுக்கு அனுப்பினாள்.

கிடைத்தது என்று ஒரு வரி வரவில்லை. ஐந்து வாரமாகிவிட்டது. தபால்காரன் தெருமுனையில் திரும்பும்போதே அவள் படியிறங்கி ஓடுவாள்.

பெசாக் பண்டிகைக்கு முந்தின வாரம், எழுத்து அச்சான தாள்களைப் புதைத்தார்கள். இடுகாட்டின் ஓரத்தில் குழி. வெள்ளைத் துணியில் கட்டிய பதினோரு மூட்டைகள். ஹெர்த்தாவும் வந்திருந்தாள், ரூமியாவும் வந்திருந்தாள். செலிக் வரவில்லை. மடித்த ஒற்றைத் தாள் ஒன்றை மட்டும் உறையில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார்.

இடுகாட்டுக் காவலர் மண்வெட்டியை எடுத்தார். “அவ்வளவுதானா? எதப் பாத்து இத வரைஞ்சீங்களோ, அந்த மூலம் ஏதாவது இருக்கா? இருந்தா அதையும் போட்டுடு தாயி. பேர் இருக்கறது கைமாறிக் கண்ட எடத்துல கெடக்கக்கூடாது.”

அப்பா வாழ்த்து எழுதிய அட்டை ஹெர்த்தாவின் கைப்பையில் இருந்தது. எங்கு போனாலும் அது கூடவே வரும். அவள் கை பையை இறுக்கிக்கொண்டது. எதிரே குழி திறந்திருந்தது.

“அதப் போடக்கூடாது,” என்றாள் ரூமியா. “உசுரோட இருக்கறவங்க கையெழுத்தப் பொதைக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு.”

காவலர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்.

திரும்பி நடக்கும்போது ஹெர்த்தா கேட்டாள். “அப்படி ஒரு சட்டம் இருக்கா ரூமியா? எங்க எழுதியிருக்கு?”

பொய் சொல்லமாட்டேன் என்ற அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு ஹெர்த்தாவின் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டாள்.

“எழுதியிருக்கு,” என்றாள். “வா, தபால் வர்ற நேரமாச்சு.”